மஞ்சள் பையா, நீலப் பையா?

இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பேச்சுக்குச் செய்த சத்தியம் அல்ல. வலது கையைத் தூக்கி, இடது கையை மார்பில் வைத்து, இரண்டு பேரைச் சாட்சிக்கு நிறுத்திச் செய்த சத்தியம். அந்த இரண்டு பேரில் ஒருவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

போன வாரம், தையல்காரம்மா மருமகளின் கையிலிருந்த கடிதத்தை எட்டிப் பார்த்த இடத்தில் விட்டிருந்தோம். புதன்கிழமை வல்லுநர் குழு வருகிறது, உங்கள் அலமாரியை வைத்திருப்பதா மூடுவதா என்று அன்றைக்கே முடிவு செய்யும் என்று கல்லூரி முதல்வர் எழுதியிருந்தார். படித்ததும் தையல்காரம்மா பதறிப்போனார். மருமகளுக்காகப் பதறியது பாதி. மீதிப் பாதிக்கான காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமை வந்துவிட்டது.

அலமாரி என்றால் மரத்தில் செய்தது அல்ல. பொறியியல் கல்லூரியின் தரைத்தளத்துக்கும் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில், நான்கு கம்ப்யூட்டர்களுக்குள் இருப்பது. மென்பொருளை ஒழுங்காகக் கட்டுவது எப்படி, கட்டியதைத் திருடர்களிடமிருந்து காப்பது எப்படி, எல்லாவற்றையும் மீறி விழுந்துவிட்டால் எழுந்து நிற்பது எப்படி என்று உலகத்தில் யார் யாரோ ஆராய்ந்து எழுதிய பதினேழாயிரம் கட்டுரைகள் அதில் இருந்தன. மருமகள் பதினோரு வருடமாக அவற்றைச் சேர்த்து, வகை பிரித்து, யார் வேண்டுமானாலும் வந்து படித்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தாள்.

மருமகளுக்குத் தெருவில் வைத்த பெயர் 'மூணு'. எதையும் மூன்று பிரதி எடுத்து வைப்பாள். அதில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பாள். அலமாரிக்கு மட்டும் அல்ல, வீட்டுச் சாவிக்கும் அதேதான், குடைக்கும் அதேதான். கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளையையும் மூன்று தடவை பார்த்தாள், அதில் ஒரு தடவை வேறு கட்டடத்தில். அந்த மாப்பிள்ளை லிப்ட் மெக்கானிக். புதன்கிழமைகளில் எங்காவது நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் இருப்பான். ஆகவே இந்த அத்தியாயத்தில் அவனை எதிர்பார்க்க வேண்டாம்.

அலமாரியில் அதிகம் பேர் படிக்கும் பகுதிக்கு 'விழுந்த கதைகள்' என்று பெயர். ரயில் சிக்னல்காரர்கள், பால் பண்ணைக்காரர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாரும் தங்கள் கம்ப்யூட்டர் எப்படிக் கவிழ்ந்தது என்று தாங்களே எழுதி அனுப்பியவை. அங்கே ஒரே ஒரு விதி. என்ன நடந்தது என்று எழுதலாம். யாரால் நடந்தது என்று எழுதக்கூடாது. 'யார்' என்று கேட்டுவிட்டால் அடுத்த தடவை ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பது மூணுவின் கட்சி.

தையல்காரம்மாவின் மகள் குடிநீர் நிலையத்தில் பம்ப்புகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு தடவை ஊர்க் குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டபோது, எங்கோ ஒரு பால் பண்ணை விழுந்த கதையைப் படித்துத்தான் அவள் வழி கண்டுபிடித்தாள். அந்தக் கதை இல்லாவிட்டால் ஊரே மூன்று நாள் குளிக்காமல் இருந்திருக்கும். இருந்ததால் அரை நாள்தான் குளிக்கவில்லை. அதிலும் பாதிப் பேரிடம் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் புதன்கிழமை பயிற்சி நாள். முறை போட்டு ஒருவர், முன்னறிவிப்பு இல்லாமல், வீட்டில் ஏதாவது ஒன்றை ஒளித்து வைப்பார். மற்றவர்கள் மாலை ஆறு மணிவரை அது இல்லாமல் சமாளிக்க வேண்டும். யார் ஒளித்தது என்று கேட்கக்கூடாது, புலம்பக்கூடாது. ஆறு மணிக்கு எல்லாரும் உட்கார்ந்து, என்ன ஆயிற்று, எப்படிச் சமாளித்தோம், எங்கே சொதப்பினோம் என்று ஒரு நோட்டில் எழுதுவார்கள். தன் சொதப்பலை ஒருவர் சொன்னால், கேட்டவர்கள் முதலில் சொல்ல வேண்டியது, "சொன்னதுக்கு நன்றி." திட்டுவதாக இருந்தாலும் அதற்குப் பிறகுதான்.

ஒரு புதன்கிழமை கழிவறைக் கதவே காணாமல் போனது. அதை எழுதிய பக்கம், யாரும் படிக்காதபடி, நோட்டில் இன்னும் ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

இப்போது அந்த மீதிப் பாதிக்கு வருவோம்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை அவருடைய போன் காணாமல் போனது. பயிற்சிதான், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் அவர் ஒரு பார்சலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் கீழ் அறையில் உட்காரும் நாற்காலிக்கு மூன்று கால், நான்காவதற்குச் செங்கல். மாலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு வருவாள். அவளுக்குச் சொல்லாமல், முதுகுக்கு வைத்துக்கொள்ளும் மெத்தை ஒன்றை வரவழைத்திருந்தார். போன் இல்லை. மருமகள் வந்து குளிக்கப் போனதும், அவளுடைய ஆபீஸ் லேப்டாப்பில் தன் அஞ்சலைத் திறந்து பார்த்தார். 'உங்கள் பார்சலைக் கொடுக்க முடியவில்லை, இங்கே அழுத்தவும்' என்று இருந்தது. அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். லேப்டாப் ஒரு மாதிரி கண்ணைச் சிமிட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

மறுநாள் மெத்தை வந்துவிட்டது. கொண்டுவந்த ஆளிடம், மெசேஜ் அனுப்பினீர்களே என்று கேட்டார். அப்படி எதுவும் நாங்கள் அனுப்புவதில்லை அம்மா என்று அவன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். அதற்குள் லேப்டாப் கல்லூரிக்குப் போயிருந்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். 'யார்' என்று கேட்கக்கூடாது என்ற விதி எல்லாருக்கும் பொதுதான். ஆனால் அது மாமியாருக்கும் பொருந்துமா என்று நோட்டில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அவரே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார்.

அதைவிடக் கொடுமை, மருமகள் தினமும் காலையில் கல்லூரிக்குக் கொண்டுபோகும் அந்த மெத்தையைத் தட்டிக் காட்டி, "முதுகு இப்போ பரவாயில்ல அத்தை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பதின்மூன்று நாள், பதின்மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் தையல்காரம்மாவுக்கு ஊசி உள்ளங்காலில் ஏறினதுபோல் இருந்தது.

அன்று காலையும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

*

பத்தரை மணிக்கு மகளின் போன் அடித்தது. அன்று அவளுக்கு வார விடுமுறை. காதில் வைத்துக் கேட்டவள், சரி சரி என்று நாலு தடவை சொல்லிவிட்டு, வைத்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அண்ணி சொன்னதாக அவள் சொன்னது இவ்வளவுதான். அலமாரி மொத்தமும் பூட்டிக்கொண்டுவிட்டது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. பக்கத்து அறையில் இருக்கும் இரண்டாவது பிரதியும் பூட்டிக்கொண்டுவிட்டது. மிச்சம் இருப்பது வீட்டில் இருக்கும் மூணாவது பிரதிதான். அத்தையின் பீரோவிலிருந்து மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு உடனே வர வேண்டும். குழு வந்து உட்கார்ந்திருக்கிறது. திறக்க முடியாவிட்டால் அலமாரியை இன்றோடு மூட வேண்டியதுதான்.

"அண்ணி ஆபீஸ் பயிற்சில இந்த வாரம் பெரிய இடத்துலயே கை வெச்சுட்டாங்கம்மா," என்றாள் மகள். "குழு வர்ற அன்னிக்கே பயிற்சி. தைரியம்தான்."

தையல்காரம்மா எழுந்து பீரோவுக்குப் போனார். சாவி இல்லை.

"பீரோ சாவி எங்கடி?"

"ஆறு மணிக்குச் சொல்றேன்."

"விளையாடாதே."

"இன்னிக்கு என் முறைம்மா. விதின்னா விதி."

அந்த பீரோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் வீட்டுக்கு வந்த திருடர்கள் இரண்டு பேர் ஐந்து மணி நேரம் அதோடு போராடித் தோற்று, கடைசியில் அதன் மேல் இருந்த தூசியைத் துடைத்துவிட்டுப் போனார்கள். சாவி இல்லாமல் அது திறக்காது.

தையல்காரம்மா மெஷினுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். யோசிக்க வேண்டுமானால் அவருக்குக் கையில் ஊசி வேண்டும். நூலை நாக்கில் நனைத்து ஊசிக் காதுக்குக் கொண்டுபோனார். நூல் காதைத் தாண்டிப் போனது. மறுபடி கொண்டுபோனார். மறுபடி தாண்டியது. நாற்பது வருடமாகத் தைக்கிறவர். ஓடுகிற பஸ்ஸில், கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரியிடம் சண்டை போட்டுக்கொண்டே நூல் கோத்தவர்.

மகளின் சிரிப்பு நின்றது.

அவள் குனிந்து, தையல் மெஷினின் மிதிக்கட்டைக்கு அடியில் ஒட்டியிருந்த சாவியைப் பிய்த்து எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். காலையிலிருந்து தையல்காரம்மா அதன் மேல்தான் கால் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

பீரோவின் மேல்தட்டில் மூன்று துணிப் பைகள். மூன்றையும் தைத்தது அவர்தான். ஒவ்வொரு புதன்கிழமையும் மூணு அலமாரி முழுவதையும் ஒரு டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு வந்து அத்தையின் கையில் கொடுப்பாள். அவர் பையில் போட்டுப் பூட்டுவார். மஞ்சளில் போன வாரத்து அலமாரி. நீலத்தில் அதற்கு முந்தைய வாரம். சிவப்பில் அதற்கும் முந்தையது. மருமகள் கேட்டது மஞ்சளை மட்டும்தான்.

தையல்காரம்மா மூன்றையும் எடுத்துக்கொண்டார். மூன்றும் எதற்கு என்று மகள் கேட்டாள். உனக்கென்ன பாரமா, வண்டியை எடு என்றார்.

மகளின் ஸ்கூட்டர் இடது பக்கம் மட்டும்தான் திரும்பும். வலது பக்கம் திருப்பினால் யோசித்துக்கொண்டு நின்றுவிடும். ஆகவே அவள் எங்கே போனாலும் இடது பக்கமாகவே திரும்பித் திரும்பித்தான் போவாள். கல்லூரிக்கு நேராகப் போனால் பத்து நிமிடம். இவர்கள் வழியில் பதினோரு திருப்பம். போகிற வழியில் தங்கள் வீட்டையே இரண்டு தடவை கடந்து போக வேண்டும். முதல் தடவை கடக்கும்போது தையல்காரம்மாவுக்கு, இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் வந்துவிட்டோமே என்று ஞாபகம் வந்தது. இரண்டாவது தடவை கடக்கும்போது குதித்து இறங்கி, அணைத்துவிட்டு, வண்டி அடுத்த முனை திரும்புவதற்குள் ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

எட்டாவது திருப்பத்தில் அவர் மகளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்டி" என்றார். காற்றில் மகளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

*

கீழ் அறையில் அவர் எதிர்பார்த்தது அழுகையும் கூச்சலும். கண்டது பாராட்டு விழா.

குழுவில் மூன்று பேர். நடுவில் நரைத்த கிராப்பும் பெரிய கண்ணாடியுமாகத் தலைவி. இருபது வருடமாகச் சிரித்ததில்லை என்று கேள்வி. ஒரு தடவை சிரிக்கப் போய் அது கொட்டாவியாக முடிந்ததாம். மூன்று பேரும் மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் முதல்வர், தானே அலமாரியை விழவைத்ததுபோன்ற பெருமையோடு நின்றார்.

விஷயம் இதுதான். முன்னறிவிப்பில்லாமல் எதையாவது வீழ்த்திப் பார்ப்பது எங்கள் வழக்கம் என்று மூணு போன வாரமே குழுவுக்கு எழுதியிருந்தாள். இவர்கள் வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிடம் திரை சிவந்தது. ஆஹா, பயிற்சி ஆரம்பித்துவிட்டது என்று குழு பேனாவைத் திறந்துகொண்டது. இது பயிற்சி இல்லை, நிஜமாகவே யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்று மூணு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் முதல்வர் தலைவியின் பக்கம் குனிந்து, எவ்வளவு இயல்பா நடிக்கிறாங்க பாருங்க மேடம் என்றார். அலமாரி போனால் அந்த அறையில் கல்லூரியின் கோப்பைகளைக் காட்சிக்கு வைக்கலாம் என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். இப்போது கட்சி மாறிவிட்டார்.

மூணு அத்தையையும் நாத்தனாரையும் பார்த்ததும் ஓடிவந்து மஞ்சள் பையை வாங்கினாள். முகம் வெளுத்திருந்தது. அறையில் இணையத்தோடு சேராத கம்ப்யூட்டர் ஒன்றுதான் மிச்சம். அதில் டிஸ்க்கைச் செருகி, அலமாரியை அங்கிருந்து மறுபடி எழுப்ப வேண்டும். சரியாக எழுந்தால் எல்லாம் சரி. டிஸ்க்குக்குள்ளேயே திருடன் உட்கார்ந்திருந்தால் அந்தக் கடைசி கம்ப்யூட்டரும் போகும், டிஸ்க்கும் போகும். பதினோரு வருடம் போகும்.

திருடன் இன்று காலையில் வந்தான் என்று மூணு நினைத்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் போன வாரத்துப் பையைக் கேட்டாள். திருடன் இரண்டு வாரமாக உள்ளே படுத்துத் தூங்கினான் என்பது அந்த அறையில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

மூணு பையின் நாடாவை அவிழ்த்தாள்.

தையல்காரம்மா குழுவைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் இது அருமையான பயிற்சி. பேசினால், பதினேழாயிரம் கட்டுரை சேர்த்தவளின் வீட்டில், பார்சல் மெசேஜை அழுத்தி வாசலைத் திறந்துவிடும் ஒரு மாமியார் இருக்கிறார் என்று ஆகும். அந்த அலமாரியை எந்தக் குழு வைத்துக்கொள்ளும்?

மூணு டிஸ்க்கை எடுத்துச் செருகப் போனாள்.

"அதைச் செருகாதே கண்ணு."

"ஏன் அத்தை?"

"நீலத்தைப் போடு."

"நீலத்தைப் போட்டா ஒரு வாரத்து வேலை கூடப் போயிடுமே அத்தை."

"போகட்டும். வாசலைத் திறந்துவிட்டது நான்தான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். போன் காணாமல் போனது, மெத்தை, லேப்டாப், ஒரு தடவைக்கு இரண்டு தடவை அழுத்தியது, பார்சல்காரன் சொன்னது, நோட்டைப் புரட்டியது. நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று மூச்சு விடாமல் சொன்னார். சொல்லி முடித்தபோது கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

குழுவின் பேனாக்கள் நின்றன.

மூணு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டு விதிப்படி முதலில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அது ஞாபகம் வர அவளுக்கு அரை நிமிடம் ஆனது.

"சொன்னதுக்கு நன்றி, அத்தை."

நூறு தடவை அந்த வீட்டில் கேட்ட வார்த்தைதான். பால் பொங்கி வழிந்ததற்கும் குடை தொலைந்ததற்கும் சொல்கிற வார்த்தை. அன்றைக்கு அவள் அதைச் சொன்னபோது மாமியார் அளவு நாடாவை விட்டுவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றாள் மூணு. குரல் இப்போது ஆபீஸ் குரலாகிவிட்டது. "நீலப் பையை பீரோவுல வெச்சது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. நீ வந்ததும் கையில குடுத்தே. வெச்சுப் பூட்டினேன். அதுக்கப்புறம்தான் பல் டாக்டர் கோட்டுக்குப் பொத்தான் வெச்சேன். அப்புறம் நீ குளிக்கப் போனே. அப்புறம்தான் லேப்டாப்."

"நிச்சயமா?"

"கடைசிப் பொத்தான் வைக்கும்போது விரல்ல குத்திக்கிட்டேன். லேப்டாப்பைத் தொடும்போது விரல்ல பிளாஸ்டர் இருந்தது. பிளாஸ்டரோடதான் அழுத்தினேன்."

மூணு நீலப் பையைத் திறந்தாள். டிஸ்க்கைச் செருகினாள்.

திரை கறுத்தது. நான்கு நிமிடம் அப்படியே இருந்தது. அந்த நான்கு நிமிடத்தில் முதல்வருக்கு மீசையில் மூன்று முடி நரைத்ததை எல்லாரும் பார்த்தார்கள். பிறகு திரையில் ஒரு வரி வந்தது. பிறகு இன்னொன்று. கட்டுரைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து வரிசையில் நிற்க ஆரம்பித்தன. சிவப்பு எங்கும் இல்லை.

"அப்போ இது பயிற்சி இல்லையா?" என்றார் தலைவி.

"காலையிலேர்ந்து அதைத்தான் மேடம் சொல்லிட்டிருக்கேன்," என்றாள் மூணு.

தலைவி மெதுவாக மூணுவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். செங்கல் ஒரு பக்கம் ஆடியது; மெத்தை அவரைத் தாங்கிக்கொண்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அந்த பார்சல் மெசேஜ் எனக்கும் வந்தது," என்றார்.

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நானும் அழுத்தினேன். யார்கிட்டயும் சொல்லலை. சொல்றதுக்கு ஒரு இடமும் இல்லை."

"சொன்னதுக்கு நன்றிங்க," என்று தையல்காரம்மா அனிச்சையாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு அணை உடைந்தது. குழுவில் இடது பக்கம் இருந்தவர், லாட்டரி விழுந்ததாக வந்ததை அழுத்தியதாகச் சொன்னார். வலது பக்கம் இருந்தவர், தன் பாஸ்வேர்டு பதினாறு வருடமாகத் தன் செருப்பு அளவுதான் என்றார். வாசலில் நின்ற டிரைவர் உள்ளே வந்து தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கடைசியாக முதல்வர். திங்கட்கிழமை கல்லூரி கம்ப்யூட்டரிலேயே பார்சல் மெசேஜை மூன்று தடவை அழுத்தியிருந்தார். கோப்பைகள் வருகின்றன என்று நினைத்தாராம். ஒவ்வொருவர் முடிக்கும்போதும் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து நன்றி சொன்னார்கள். மேல் மாடியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் கீழே ஏதோ கல்யாணம் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று மணிக்குக் கணக்குப் பார்த்தாள் மூணு. இரண்டு வாரத்தில் சேர்த்த இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் மட்டும் போயிருந்தன. அலமாரியின் முகப்பில், நடந்ததை மறைக்காமல் எழுதி, யாரிடமாவது பிரதி இருந்தால் அனுப்புங்கள் என்று போட்டாள்.

நாற்பது நிமிடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளும் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் சராசரியாக நாற்பத்தைந்து தடவை வந்தது. நடுக்கடலில் இருந்த கப்பல் என்ஜினியர் ஒருவர், இன்டர்நெட் வேலை செய்யாததால் தொண்ணூறு பக்கத்தைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார், வரைபடங்களையும் வாசித்தார். பால் பண்ணைக்காரர்கள் எழுதியிருந்தார்கள்: போன வருஷம் நாங்க விழுந்தப்போ எங்களைத் திட்டாம படிச்சவங்க நீங்க, இது அதுக்கு. தையல்காரம்மா அந்த ஒரு கடிதத்தை மட்டும் மகளைப் படிக்கச் சொல்லி இரண்டாவது தடவையும் கேட்டார்.

குழு தன் முடிவை அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டது. அலமாரி தொடரும். நாற்காலிக்கு நான்காவது கால் உடனடியாக வழங்கப்படும். முதல்வரின் கோப்பைகளை அவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

*

ஆறு மணிக்கு வீட்டில் நோட்டு திறக்கப்பட்டது. மகள் எழுதினாள். அலமாரி விழுந்ததற்கான காரணங்கள் என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றாகப் பேசி எழுதினார்கள். ஆபீஸ் லேப்டாப் வீட்டில் பூட்டில்லாமல் கிடந்தது. அது கல்லூரிக்குள் நுழையும்போது யாரும் சோதிக்கவில்லை. இரண்டாவது பிரதியும் முதல் பிரதியோடு ஒரே வலையில் இருந்தது. இப்படியே போய்ப் பதினோரு காரணம் வந்தது. அதில் 'ஒருவர் மெசேஜை அழுத்தினார்' என்பது ஒன்பதாவதாகத்தான் வந்தது. இவ்வளவு அல்லாடியதற்கு இவ்வளவு கீழேயா என்று தையல்காரம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

"அந்த ஒருவர்ங்கிற இடத்துல தையல்காரம்மான்னு போட்டுக்கோயேன்," என்றார்.

விதி இடம் கொடுக்காது என்றாள் மகள்.

மூணு நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "முதல் காரணத்தை மாத்தணும்," என்றாள். "அன்னிக்குப் பயிற்சின்னு போனை எடுத்து வெச்சதாலதான் அத்தை லேப்டாப்பைத் தொட்டாங்க. அதை ஒளிச்சது நான்."

யாரும் கேட்காமலே சொன்னாள். தையல்காரம்மா கழுத்து நாடாவை எடுத்து மடித்து மேஜையில் வைத்தார். மருமகளின் முதுகில், வலிக்கும் இடம் எது என்று அவருக்குத் தெரியும், அந்த இடத்தில் கையை வைத்து அழுத்திக் கொடுத்தார்.

"சொன்னதுக்கு நன்றிடி கண்ணு."

அப்போதுதான் மூணுவின் போன் ஒலித்தது. கல்லூரியிலிருந்து வந்த கடைசி எண்ணிக்கை. போனது இருநூற்றுப் பன்னிரண்டு. வந்தது இருநூற்றுப் பதின்மூன்று.

கூடுதலாக வந்த ஒன்றை அவள் திறந்தாள். 'விழுந்த கதைகள்' பகுதிக்கு என்று அனுப்பியிருந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. அலமாரி எப்படி விழுந்தது என்று நான்கு பக்கத்தில் சுத்தமாக எழுதியிருந்தது. கீழ் அறை, நாற்காலி, மூன்று பைகளின் நிறம் உட்பட. 'யார்' என்று எங்கும் இல்லை. மேலே தேதி போட்டிருந்தது.

மூணு தேதியை இரண்டு தடவை படித்தாள். பிறகு போனை அத்தையிடம் கொடுத்தாள். அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இது அடுத்த புதன்கிழமை," என்றார்.

அந்த வீடும் அந்தக் கல்லூரியும் இருக்கும் பகுதி முழுவதிலும், குழு வந்த அந்தப் புதன்கிழமை காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணிவரை, ஆண்டுப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது.